தேதி போட்டு எழுது, கண்ணு

யாழினிக் கண்ணு,

வெளியுறவுப் பணி கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னதும் முதலில் அழுதேன். அப்புறம்தான் கவலை வந்தது. காபி டம்ளரை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுகிற பெண்ணை நம்பி அரசாங்கக் காகிதங்களைக் கொடுக்கப் போகிறார்களே!

எதிர்வீட்டு மாமி அதற்குள் உன்னைத் தூதராகவே ஆக்கிவிட்டாள். முதலில் நீ மூன்றாம் செயலாளர். விசா வேலை பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறவனைத் தேற்ற வேண்டும். வேலைக்குப் போன இடத்தில் செத்தவனின் உடலை அவன் தாயிடம் சேர்க்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு தரம் பெட்டி கட்டி, வேறு ஊர், வேறு பாஷை. நீ தூதராகி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தை அந்த நாட்டுத் தலைவர் கையில் கொடுக்கும் நாள் வர ரொம்பக் காலம் ஆகும்.

முத்தம்மா என்று ஒருவர், அவருக்கு அந்த நாள் வர 21 வருஷம் ஆயிற்று. குடகுப் பெண். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். நம் சென்னையில், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். 1970-ல் ஹங்கேரிக்குத் தூதரானார். பின்னால் அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வை மறுத்தபோது அவர் வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். வழக்கு நடக்கும்போதே உயர்வைக் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியைக் கடுமையாகச் சாடிவிட்டார். உன்னிடம் இன்று அந்தக் காகிதத்தை யாரும் நீட்ட முடியாது.

உனக்குக் கோபம் வந்தால் கதவுதான் அடிவாங்கும். அந்தக் கோபத்தை ஒரு தாளில் எழுதப் பழகு கண்ணு. இன்னொன்றும் பழகு. யாரோடு பேசினாலும், பேசியதை அன்று ராத்திரியே எழுதி வை. அவர் சொன்னது ஒரு பக்கம், உனக்குத் தோன்றியது மறு பக்கம், இரண்டையும் கலக்காதே. டெல்லிக்குப் பிடிக்காத சேதியானாலும் கேட்டபடியே எழுது.

நான் தந்திக் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு சேதி வந்தது. 'புறப்பட வேண்டாம்' என்று அனுப்பியிருந்தார்கள். வழியில் எங்கேயோ மறுப்புச் சொல் விழுந்துபோய், 'புறப்படு' என்று வந்து சேர்ந்தது. மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று அந்தத் தகப்பன் ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் ஏறினார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்பதுதான் உண்மையான சேதி. பஸ்ஸில் அவர் எப்படித் துடித்திருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊரில் தந்தி 2013-ல் நின்றுபோயிற்று. தூதரகத்திலிருந்து டெல்லிக்குப் போகும் சேதியை இன்னும் 'கேபிள்' என்றுதான் சொல்கிறார்களாம். அதில் ஒரு சொல் தவறினால் பஸ் ஏறுவது ஒரு தகப்பன் மட்டுமில்லை.

பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் ஒரு டைரி வைத்திருக்கிறேன். பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே அதில் எழுது. எனக்கும் நாலு வரி எழுது. மறக்காமல் தேதி போடு.

உன்
பெரியம்மா