ஏற்றம் – ஒரு போர்ப் படம் கேட்ட கேள்வி



போர்ப் படம்னா பீரங்கி வெடிக்கும், கடைசியில் நல்லவன் ஜெயிப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ‘ஏற்றம்’ என்ற ரஷ்ய மொழிப் படத்தை நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்லிக் காட்டினாங்க. அதில் சண்டை கொஞ்சம்தான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

படத்தைப் பற்றி

இயக்கியவர் லாரிசா ஷெபிட்கோ என்ற பெண். வாசில் பைக்கவ் எழுதிய ‘சோத்னிக்கோவ்’ என்ற குறுநாவலைப் படமாக்கினார். இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 1977-இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. 1979-இல் லாரிசா 41 வயதில் கார் விபத்தில் இறந்துபோனார்.

கதை

இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் நாஜிப் படை பிடித்து வைத்திருந்த பெலாரஸ். எங்கும் பனி. காட்டில் மறைந்து போராடும் குழுவுக்கு உணவு தேடி இரண்டு பேர் கிளம்புகிறார்கள். ரிபாக் பலசாலி. சோத்னிக்கோவ் முன்பு ஆசிரியர், ஓயாத இருமல்காரர். ஜெர்மானியருக்குக் கீழே வேலை செய்யும் ஓர் ஊர்த்தலைவரை இருவரும் துரோகி என்று நினைத்து, அவர் ஆட்டை எடுத்துக்கொள்கிறார்கள்.

வழியில் சோத்னிக்கோவ் காலில் குண்டு பாய்கிறது. தப்பி ஓடிய ரிபாக் திரும்பி வந்து அவரைப் பனியில் இழுத்துக்கொண்டு போகிறான். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி வீட்டுப் பரணில் ஒளிகிறார்கள். எதிரிகள் வரும் நேரம் பார்த்து இருமல்! அந்தத் தாயும் சேர்த்துப் பிடிபடுகிறாள்.

நெஞ்சில் சூடு வைத்தும் சோத்னிக்கோவ் காட்டிக்கொடுக்கவில்லை. ‘நான்தான் குற்றவாளி, மற்றவர்களை விடுங்கள்’ என்கிறார். பலிக்கவில்லை. அவர், அந்தத் தாய், ஒரு யூதச் சிறுமி, துரோகி என்று நினைத்த அதே ஊர்த்தலைவர், எல்லாருக்கும் தூக்கு. ரிபாக் மட்டும் எதிரியின் போலீசில் சேர்ந்து உயிர் பிழைக்கிறான். நண்பனைத் தூக்கிலிடும் இடத்தில் எதிரிகளோடு நிற்கிறான். ஒரு பாட்டி அவனை ‘யூதாஸ்’ என்கிறாள். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயர் அது. பிறகு சாகப் பார்க்கிறான். அதுவும் முடியவில்லை.

நான் யோசித்தது

‘நீங்க யார் மாதிரி இருப்பீங்க?’ என்று டீச்சர் கேட்டாங்க. எல்லாரும் ‘சோத்னிக்கோவ்’ என்று கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ரிபாக் கெட்டவன் இல்லையே! நண்பனைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்து இழுத்தவன்தானே? ‘கொஞ்சம் பேசிச் சமாளிப்போம்’ என்றான். ‘இப்போ சேர்ந்துட்டு அப்புறம் ஓடிடலாம்’ என்றான். ஒவ்வொன்றும் சின்னப் படிதான். ஆனால் எல்லாம் கீழே இறங்குகிற படி. சோத்னிக்கோவ் ஏறினது வேறு படி. அவர் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. மனசாட்சிதான் அவர் நம்பிக்கை. ஆனாலும் அவர் இருமலால்தானே அந்தப் பிள்ளைகள் தாயை இழந்தார்கள்? நல்லவராலும் தீமை வருகிறது. அதை அவரே தாங்கிக்கொண்டு சாகிறார்.

சாகும்போது கூட்டத்தில் நின்று அழும் ஒரு சின்னப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறார். ஏதோ பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிற வாத்தியார் மாதிரி.

சிந்திக்க: சின்னப் பொய் சொல்லும்போது நாம் ஏறுகிறோமா, இறங்குகிறோமா?

– 9-ஆம் வகுப்பு மாணவி