பழைய கம்ப்யூட்டரும் புதிய பவர் சப்ளையும்



எனது கடையில் 2002ஆம் ஆண்டு வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. வாடிக்கைக்காரர்களின் பற்று வரவு முழுவதும் அதில்தான். ஒருநாள் காலை அதன் பவர் சப்ளை பெட்டி உயிரை விட்டது. "பழையது 300 வாட், இதோ 500 வாட்" என்று கடையில் சொன்னதைக் கேட்டுப் புதியது வாங்கி மாட்டினேன். கம்ப்யூட்டர் எழும்பியது, கணக்கைத் திறந்தவுடன் தானே அணைந்தது. பெரியதை வாங்கியும் போதாமற் போனது ஏன்? நான் கற்றுக்கொண்டதை நம்மவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பவர் சப்ளை ஒரே மின்சாரத்தைக் கொடுப்பதில்லை. மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், ஆரஞ்சில் 3.3 வோல்ட் என மூன்று பங்காகக் கொடுக்கிறது. பெட்டிமேல் உள்ள வாட் இவற்றின் மொத்தமே. மூட்டையின் எடையை மட்டும் பார்த்தா நாம் சரக்கெடுக்கிறோம்? உள்ளே அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்றல்லவா பார்க்கிறோம்!

பென்டியம் 3, அத்லான் காலத்துக் கம்ப்யூட்டர்களில் பிராசஸர் பெரும்பாலும் 5 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும். பின்னர் வந்தவை 12 வோல்ட்டுக்கு மாறின. ஆதலால் இன்றைய பெட்டிகளில் 12 வோல்ட் பங்கு அதிகம்; 5 வோல்ட் பங்கு குறைவு. எனது பழைய பெட்டியின் சீட்டில் 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் என்றிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும்: 150 வாட். புதியதில் 15 ஆம்பியர், 75 வாட்தான். அத்லான் எக்ஸ்பி வகையில் பெரியவை தாம் மட்டுமே 70 வாட்டுக்கு மேல் கேட்கக்கூடியவை. மற்ற உறுப்புகளுக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. மதர்போர்டில் பிராசஸர் அருகே நான்கு துளையுள்ள சதுரச் சாக்கெட் இருக்கிறதா? இது 2000ஆம் ஆண்டில் வந்த ஏற்பாடு. இருந்தால் பிராசஸருக்கு 12 வோல்ட். இல்லாவிடில் பெரும்பாலும் 5 வோல்ட்.

2. பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஆம்பியரை ஒப்பிடுங்கள். எதுவும் பழையதற்குக் குறையலாகாது. 3.3, 5 இரண்டுக்கும் சேர்த்து எழுதியுள்ள வாட் வரம்பையும் பாருங்கள்.

3. பெரிய பிளக்கில் பழையதற்கு 20 முனை. 2003க்குப் பின் 24 முனை. நான்கு முனை தனியே கழலும் பிளக் இரண்டுக்கும் பொருந்தும்.

4. பிளக் பொருந்திவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். 1990களின் இறுதியில் டெல் கம்பெனி விற்ற சில கம்ப்யூட்டர்களில் பிளக் ஒன்றுபோலிருந்தும் கம்பி வரிசை வேறு. பொதுப் பெட்டியை மாட்டினால் மதர்போர்டு கருகிவிடும்.

5. பெட்டியின் நீள அகலமும் நான்கு திருகாணித் துளைகளும் ஒத்திருக்கட்டும்.

6. பின்புறம் 115, 230 என்ற சுவிட்ச் இருந்தால் நம் நாட்டில் 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து மாட்டினால் அந்தக் கணமே வெடித்துப் பாழாகும்.

மாட்டுமுன் சுவர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

500 வாட்டைத் திருப்பிக் கொடுத்து, 5 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் உள்ள 350 வாட் பெட்டியைத் தேடி மாட்டினேன். கணக்கு திறந்தது. அன்றே முதல் வேலையாக அதை வேறு டிஸ்கில் நகல் எடுத்தேன். பவர் சப்ளையைக் காசு கொடுத்து வாங்கலாம். தொலைந்த கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?