எழுபது வளைவும் பன்னிரண்டு பைக்கும்

கேள்வி: எங்கள் பைக் கிளப்பில் பன்னிரண்டு பேர். பொங்கல் விடுமுறையில் கொல்லிமலை ஏறி, கூடாரம் போட்டுத் தங்க ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- வாசகர், சேலம்

பதில்: காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். டேங்கைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். பாதை தெரிந்தவர் முன்னே போகட்டும். அவருக்கு அடுத்து, கூட்டத்தில் அனுபவம் குறைந்தவர். பஞ்சர் கிட், கருவிகளோடு ஒரு கைதேர்ந்தவர் கடைசியில் வரவேண்டும். வளைவுகளில் ஒற்றை வரிசைதான். எதிரே பஸ் வந்தால் திரும்புவதற்கு முழுச் சாலையும் அதற்குத் தேவைப்படும். ஹாரன் அடித்து, ஒதுங்கி நில்லுங்கள். குறுகிய இடங்களில் மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள். பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். கூடாரம் போன்ற கனமான மூட்டைகளைத் தாழ்வாக, சீட்டை ஒட்டிக் கட்டுங்கள். உயரத்தில் கட்டினால் வளைவில் வண்டி தள்ளாடும்.

வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் தங்குவது குற்றம். தனியார் தோட்டத்தில் உரிமையாளரைக் கேட்டு இடம் பிடியுங்கள். தை மாதக் குளிருக்குக் கம்பளி வேண்டும். மூடுபனி இறங்குமுன், வெளிச்சத்திலேயே மேலே போய்ச் சேருங்கள். காய்ந்த புல் அருகே தீ மூட்டாதீர்கள். குப்பையை உங்களோடு கீழே கொண்டுவாருங்கள். பன்னிரண்டு பேரும் பத்திரமாக வீடு திரும்புவதுதான் நல்ல கிளப்புக்கு அடையாளம்.