வீட்டுக்கு ஒரு டிரில் மிஷின்

வீட்டு வேலைக்கு மின்கருவி ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், 13 மி.மீ. ஹேமர் டிரில் வாங்குங்கள். பிட்டை மாற்றினால் சுவர், மரம், இரும்பு மூன்றையும் துளைக்கும். ஹேமர் மோட் கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும்தான். டைல்ஸில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விரிசல் விழும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவாகத் தொடங்கினால் பிட் வழுக்காது. 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்குக்கு 6 மி.மீ. பிட்தான். துளை பெரிதானால் ஸ்குரூ நிற்கவே நிற்காது.

சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள். ஒயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

அடுத்து வாங்கத் தோன்றுவது ஆங்கிள் கிரைண்டர். இடைஞ்சலாக இருக்கிறதென்று அதன் கார்டைப் பலர் கழற்றிவிடுகிறார்கள். பெரிய தவறு! நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றும் 4 அங்குல டிஸ்க் உடைந்தால், சில்லுகள் முகத்துக்கே பாயும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துப்பட்டா, தோளில் துண்டு, தொளதொள சட்டை வேண்டாம்.

பிட்டோ டிஸ்க்கோ மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கருவியின் ஒயரைப் பிளக் பாயின்ட்டிலிருந்து பிடுங்கிவிட்டே தொடுங்கள்.