சந்தையில் கொசுறு

இப்னு உமர் (ரலி) அவர்கள் சந்தைக்குச் செல்வார்கள். ஒன்றும் வாங்கமாட்டார்கள், விலையும் விசாரிக்கமாட்டார்கள். உடன் சென்ற துஃபைல் (ரஹ்) அவர்கள் காரணம் கேட்டபோது, எதிர்ப்படுவோருக்கு ஸலாம் சொல்வதற்காகவே வருவதாகக் கூறினார்கள் என்று முஅத்தாவில் வருகிறது. நாம் போவதோ கத்தரிக்காய்க்கும் மீனுக்கும். ஆகவே கொடுக்கல் வாங்கலின் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது.

சுப்ஹு தொழுதுவிட்டுத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குள் சென்று பாருங்கள். கீரைக்காரம்மாவிடம் காசை நீட்டுகிறோம். அவர் ஒரு கட்டை எடுத்துத் தருகிறார். 'விற்றேன்', 'வாங்கினேன்' என்ற பேச்சே கிடையாது. கைபேசியில் பணம் அனுப்பினால், அங்குள்ள பெட்டிதான் தொகையைச் சத்தமிட்டுச் சொல்கிறது! ஈஜாபும் கபூலும் வாயால் மொழியப்படாத இந்த வியாபாரம் செல்லுமா?

ஹனஃபீ மத்ஹபில் செல்லும். ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான சொல்லின்படி செல்லாது. ஆனால் அற்பமான பொருள்களில் கூடும் என்று இப்னு ஸுரைஜ் (ரஹ்) அவர்கள் கூறினார்கள். மக்கள் வழக்கத்தில் எது வியாபாரமாகக் கருதப்படுகிறதோ அது வியாபாரமே என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். குர்ஆன் (4:29) வியாபாரத்திற்கு வேண்டுவது இருதரப்பாரின் பொருத்தம். பொருத்தம் உள்ளத்தில் இருப்பது. சொல் அதன் அடையாளம். சில இடங்களில் செயலும் அடையாளமாகிவிடுகிறது.

வாய்ப்பேச்சு இல்லாத இடத்தில் அந்தப் பொருத்தம் உண்மையில் இருக்கிறதா என்று கவனிப்பது நம் பொறுப்பு. இதை நாம் கிதாபில் ஓதியிருந்தோம், புரிந்தது கீரைக்கடையில்தான்.

ஒருநாள் கீரை வாங்கிய கையோடு, பக்கத்தில் குவித்திருந்த கறிவேப்பிலையில் ஒரு கொத்தை உருவிப் பையில் போட்டுக்கொண்டோம். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு எட்டு நடந்ததும், "பாயும் இப்படித்தான் எடுக்கறாரு" என்று அவர் அடுத்த கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. அந்த 'பாயும்' என்பதிலிருந்த 'உம்' நம்மைச் சுட்டுவிட்டது. தாடியும் தொப்பியும் பார்த்து நம்மிடம் அவர் வேறொன்றை எதிர்பார்த்திருக்கிறார்! திரும்பிப் போய்க் காசை நீட்டினோம். "வச்சுக்குங்க பாய், கேட்டா குடுக்கமாட்டேனா?" என்றார்.

அவர் சொன்னதுதான் சட்டமும். விற்பவர் தாமாகப் போட்டாலும், நாம் கேட்டு அவர் மனமுவந்து தந்தாலும் கொசுறு ஹலால். அவரிடம் கேட்காமல் நாமே எடுப்பது, அவர் அதைப் பொருந்திக்கொள்வார் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றிக் கூடாது. 'பேசாமல்தானே இருந்தார்?' என்பது பதிலாகாது. வாடிக்கை போய்விடுமே என்ற பயத்தில் வாயடைத்திருப்பது பொருத்தமல்ல. வெட்கத்தினால் மட்டுமே கொடுக்கிறார் என்று தெரிந்தும் ஒருவரிடம் வாங்குவதை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் ஹராம் என்றே எழுதியுள்ளார்கள். ருசி பார்க்கும் சாக்கில் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு நகர்வதும் இதே கணக்குத்தான்.

விற்பவர் முஸ்லிமல்லாதவர் என்பதால் இச்சட்டம் தளர்ந்துவிடாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் வாற்கோதுமை வாங்கி, அதற்காகத் தம் போர்க்கவசத்தை அடைமானம் வைத்திருந்தார்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட, விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததைக் கண்டித்தார்கள். கீரை வாடாதிருக்க நீர் தெளிப்பது கண்ணுக்குத் தெரிவது. விற்பதும் கட்டுக் கணக்கில். ஆனால் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீனைத் தராசில் கொட்டுவதும், உள்ளே பழுத்ததை வைத்து மேலே இளங்கொத்தமல்லியைப் பரப்புவதும் அந்தக் குவியலின் இனம்தான்.

மார்க்கெட் வாசலில் நின்றுகொண்டு பஜ்ஜி சாப்பிடலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். ஹராமல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்துகொண்டே உண்டிருக்கிறோம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களே அறிவிப்பது திர்மிதீயில் உள்ளது. ஆனால் கடைத்தெருவில் உண்பதை மின்ஹாஜில் கண்ணியத்திற்குக் குறையானவற்றுள் சேர்த்து, ஆளையும் நிலையையும் இடத்தையும் பொறுத்து அது மாறும் என்றும் எழுதியிருக்கிறார்கள். மூட்டை தூக்குபவருக்கும் கடைக்காரருக்கும் அதில் ஒரு குறையுமில்லை; பசித்தவர் அங்கேயே உண்பார். மதரஸா மாணவர் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகட்டும். சட்னி கொஞ்சம் கூட வேண்டுமானால் கேட்டு வாங்கட்டும்.