அமைதி காக்கச் சென்ற படையும் அதன் விலையும்

கொல்லாமை நோன்பை நம் பிள்ளைகட்குக் கற்பிக்குங்கால், இம்சை நால்வகைப்படும் என்று தொடங்குவது வழக்கம். வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. அடுப்படி முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புத் தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன் நாட்டையும் தாக்க வருவோரை எதிர்க்குங்கால் நேர்வது விரோத இம்சை. முதலாவதை இல்லறத்தார் அறவே விடுதல் வேண்டும். ஏனையவற்றை இயன்ற மட்டும் குறைத்தல் வேண்டும். இதுவரை எளிது. ஒரு நாடு கடல் கடந்து பிறர் பூசலைத் தீர்க்கப் படை அனுப்புமானால், அதனை எவ்வகையிற் சேர்ப்பது? இவ்வினா நமக்கு 1987ஆம் ஆண்டில், எடப்பாடியில் ஒரு வகுப்பறையில் எழுந்தது.

அவ்வாண்டு ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தனர். இலங்கைப் படை முகாம்களுக்குத் திரும்புவதென்றும், போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பதென்றும், வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாவதென்றும் அதிற் கண்டிருந்தது. இந்திய அமைதி காக்கும் படை உடனே யாழ்ப்பாணம் சென்றது. நாம் கரும்பலகையில் இலங்கைப் படம் வரைந்து, நம் வீரர்கள் சில வாரங்களில் திரும்பிவிடுவர் என்று பிள்ளைகட்குச் சொன்னோம். 1983 கலவரத்தின் கொடுமைகளைப் படித்திருந்த நமக்கு அதில் ஐயம் எழவில்லை. ஆயுதம் ஏந்தியிருந்த விடுதலைப் புலிகள் அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை என்பதை அன்று நாம் பொருட்படுத்தவுமில்லை.

செப்டம்பர் 26இல் திலீபன் உண்ணாநோன்பிருந்து மாண்டார். அக்டோபர் தொடக்கத்தில், இலங்கைப் படையின் காவலிலிருந்த புலிகள் பன்னிருவர் நஞ்சுண்டு இறந்தனர். அதே மாதம் 10ஆம் நாளளவில், காக்கச் சென்ற படையே போரில் இறங்கிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட வீரர்கள் சூழப்பட்டுப் பலர் மடிந்தனர். தீபாவளி நாளான 21ஆம் தேதியும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் நேர்ந்தது என்றது இந்தியத் தரப்பு. தப்பியவர்கள் அவ்வாறு சொல்லவில்லை.

நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தமையன் அப்படையில் இருந்தார். "டீச்சர், அமைதிப் படை எதுக்குச் சண்டை போடுது?" என்று அவள் கேட்டாள். பாடம் முடிந்த மணி அடித்ததால் தப்பினோம். அவளுக்கு விடை சொல்லாமற் போனது இன்றும் உறுத்துகிறது.

சில வாரங்கள் என்றது ஏறத்தாழ 32 மாதங்களாயிற்று. இந்திய வீரர் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். காயமுற்றோர் அதனினும் பன்மடங்கினர். உயிரிழந்த பொதுமக்களுக்கு அனைவரும் ஒப்புக்கொண்ட கணக்கே கிடையாது. செலவுக் கணக்கில் இதுவே நம்மை மிகவும் வருத்துவது: வீரர்க்குப் பெயர்ப் பட்டியல் உண்டு, மற்றவர்க்கு அதுவுமில்லை. தென்னிலங்கையில் ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.வி.பி. கிளர்ச்சி மூண்டது, இந்தியப் படை வெளியேறவேண்டும் என 1989இல் பிரேமதாசா வற்புறுத்தினார், அவரது அரசே புலிகளுக்கு ஆயுதமும் அளித்தது. நேற்றுவரை பகைவராயிருந்த இருவரும் நடுவர் மீது சேர்ந்துகொண்டனர். ஆப்கானிஸ்தானத்தில் பத்தாண்டு சிக்கி 1989இல் வெளியேறிய சோவியத் படையின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே.

1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவினர் திரிகோணமலையிலிருந்து கப்பலேறினர். திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. மாண்ட தமிழரை நினைந்து அவ்வாறு செய்தார் என்பதை நாம் உணர்கிறோம். எனினும் அனுப்பியவர் தில்லியில் இருக்க, அனுப்பப்பட்டவர் தலையில் அப்பழி விழுந்ததே என்னும் மனக்குறையும் நமக்குண்டு. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வடகிழக்கு இணைப்பையும் 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஒப்பந்தத்தின் பயனாய்ப் பிறந்த மாகாண சபைகள் மட்டும் பெயரளவிலேனும் எஞ்சின.

பரதனும் பாகுபலியும் படைகளுடன் எதிர்நின்றபோது, வீரர் மடிவானேன் என்று அமைச்சர்கள் தடுத்து, அரசர் இருவரையும் பார்வையாலும் நீராலும் மல்லாலும் தனித்துப் பொரச் செய்தனர் அன்றோ? செலவை யார் ஏற்பது என்பதை அவர்கள் போருக்கு முன்பே எண்ணினர். 1987இல் எண்ணியது பின்னரே. காக்கும் எண்ணத்துடன் சென்றமையால் அது சங்கல்ப இம்சை ஆகாது என்பர். ஆயினும் நம்மைத் தாக்க எவரும் வரவில்லை. ஆதலின் விரோத இம்சை என்று அதனை ஒதுக்கிவிடுதலும் பொருந்தாது என்பது நம் கருத்து. மறுப்போர் எழுதலாம்.

அம்மாணவியின் தமையன் ஓய்வுபெற்று வந்து தறிப்பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். சேலம், நாமக்கல் பகுதிகளிலும் அகதிகள் முகாம்கள் உண்டு. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அத்தகைய முகாமிலிருந்து கூலிக்கு வந்த யாழ்ப்பாணத்தார் ஒருவர் அடுத்த தறியில் இருந்தார். இருவரும் ஒரே ஊரின் தெருக்களை அறிந்தவர்கள். ஆறாண்டு அருகருகே நெய்தும் அதைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை என்று தங்கை சொன்னாள்.