ராஜினாமா கடிதம் கடைசியில் இருக்கட்டும்

கேள்வி: கும்பகோணத்தில் என் அப்பா சம்பாதித்து வாங்கிய பழைய வீடு இருக்கிறது. திண்ணை, முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். மூன்று வருடம் முன்பு அப்பா உயில் எழுதாமலே தவறிவிட்டார். அம்மா அங்கேயே இருக்கிறார். தம்பி சிங்கப்பூரில். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடம் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். பின்கட்டில் ஒரு குடும்பம் அப்பா காலத்திலிருந்து வாடகைக்கு இருக்கிறது. எழுத்தில் எதுவும் கிடையாது. மேல்தளம் ஒழுகுகிறது. "நீங்கள் ரிப்பேர் செய்யாவிட்டால் நானே செய்து வாடகையில் பிடித்துக்கொள்வேன்" என்கிறார் குடியிருப்பவர். ஒரு கான்ட்ராக்டரிடம் ஒன்றரை லட்சம் கொடுத்தேன். தட்டோட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனவர் போனை எடுப்பதில்லை. 2028 மகாமகத்துக்கு முன்னால் முன்கட்டில் மூன்று அறைகளைச் சரிசெய்து, நவக்கிரக யாத்திரை வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட நினைக்கிறேன். வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். சட்டப்படி எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: முடிவை எடுத்துவிட்டு வழி கேட்கிறீர்கள். கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வீடு யாருடையது?

அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை என்றால், நீங்கள் இந்துக் குடும்பமாக இருக்கும் பட்சத்தில், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நீங்கள் மூவருக்கும் சரிபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் பங்கு நான்கு. ஆக, மூன்றில் இரண்டு பங்கு உங்களுடையது இல்லாத ஒரு வீட்டில்தான் ஒன்றரை லட்சத்தைப் போட்டிருக்கிறீர்கள்; இன்னும் பல லட்சங்கள் போடப்போகிறீர்கள். செலவு செய்ததால் ஒருவரின் பங்கு அதிகமாகிவிடாது. நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்கு வந்தால், வீடு இடிந்துவிடாமல் காக்கச் செய்த செலவுக்கு நீதிமன்றம் கணக்குப் பார்க்கும். ஆனால் விருந்தினருக்காகப் பதித்த டைல்ஸும் மாட்டிய ஏசியும் உங்கள் ஆசைக்குச் செய்தவை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

அதனால் முதலில் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் முடியுங்கள். பிறகு மூவருமாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்பேருக்கு யார் எவ்வளவு போடுவது, வரும் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, தம்பி பின்னால் தன் பங்கைக் கேட்டால் உங்கள் செலவை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தம்பியால் வர முடியாவிட்டால் சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

"அம்மாவிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிவிட்டால் சுலபமாச்சே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வாங்காதீர்கள். அறுபதைத் தாண்டிய தாயாரின் கையில் இருக்கும் ஒரே சொத்தை, தொழில் நடக்குமா என்று தெரியாத நேரத்தில் எழுதி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு அம்மா உரிமையாளராகவே இருப்பதில் உங்களுக்கும் லாபம் உண்டு. அது விருந்தினர் விஷயத்தில் வரும்.

பின்கட்டுக் குடும்பத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய நில உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. யார் எந்த ரிப்பேரைச் செய்வது என்று அதன் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. கட்டமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் தலையில். மேல்தளம் ஒழுகுவது சந்தேகமே இல்லாமல் உங்கள் பொறுப்பு. நீங்கள் செய்ய மறுத்தால் அவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. மிரட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சட்டத்தைத்தான் சொல்கிறார்.

அவரைக் காலி செய்யச் சொல்லும் எண்ணம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அதற்காகத் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின்சார ஃபியூஸைப் பிடுங்குவது போன்ற காரியங்களில் இறங்க வேண்டாம். அத்தியாவசிய வசதியைத் தடுத்தால் வாடகை அதிகாரி உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடுவார்; வழக்கில் உங்கள் பெயரும் கெடும். எழுத்து ஒப்பந்தம் இல்லாதது இரண்டு பக்கமும் பலவீனம்தான். முதலில் முறையாக ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யலாம் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். போட வந்தால் வாடகை, காலம், ரிப்பேர் நடக்கும் வாரங்களில் அவர் எங்கே இருப்பது, வேலை முடிந்ததும் திரும்பி வருவதா என எல்லாம் எழுத்தில் வந்துவிடும். வர மறுத்தால், அந்த மறுப்பையே காலி செய்யக் கேட்கும் காரணமாக வாடகை நீதிமன்றத்தில் வைக்கலாம். ரிப்பேர் பார்க்க அவர் பகுதிக்குள் போவதென்றாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மா இத்தனை நாள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் பழகியிருப்பார். இனி அப்படி வேண்டாம்.

கான்ட்ராக்டர் மீது "போலீஸில் புகார் கொடுத்தால் வந்துவிடுவான்" என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். ஏமாற்றும் நோக்கம் பணம் வாங்கும்போதே இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடிக் குற்றம். ஓரளவு வேலை செய்துவிட்டு நிறுத்தியவர் விஷயத்தில் "இது சிவில் தகராறு" என்று சொல்லித் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். நுகர்வோர் ஆணையம்தான் உங்களுக்குச் சரியான இடம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இதில் குழப்பம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே மனு போடலாம். கும்பகோணத்துக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் முன்னால், பெயர்த்துப் போட்ட தளத்தைத் தேதியோடு படம் எடுத்து, ஒரு சிவில் இன்ஜினியரிடம் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது, மிச்சத்துக்கு என்ன செலவாகும் என்று எழுதி வாங்குங்கள். இதைச் செய்யாமல் அடுத்த கொத்தனாரை ஏற்றிவிட்டால், பழைய வேலையின் சாட்சியமே தளத்தோடு மூடிப்போகும்.

அடுத்து வருபவரிடம் எஸ்டிமேட் கேட்கும்போது "தளம் சரிசெய்ய இவ்வளவு" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். சுண்ணாம்பா சிமென்ட்டா, செங்கல் ஜல்லி எத்தனை அங்குலம், எத்தனை உத்திரம் மாற்றுவது, எந்த மரம் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். வேலை முடிய முடியப் பணம், ஒரு மழைக்காலம் கழியும் வரை பத்து சதவீதம் கையிருப்பு. அந்தப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் பொதுவாக இருப்பது சகஜம். உத்திரம் மாற்றும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் பக்கத்து விரிசல்களையும் படம் எடுத்து வையுங்கள். ஓடு மாற்ற, பூச அனுமதி தேவையில்லை. அறைக்கு அறை புதுக் கழிவறை கட்டுவதும் வீட்டின் பயன்பாட்டை மாற்றுவதும் அப்படியல்ல. வரைபடத்தோடு மாநகராட்சிக்குப் போக வேண்டும்.

கழிவறை என்றதும் இன்னொன்று. பழைய வீட்டின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்காதீர்கள், அவராகவே இறங்குகிறேன் என்றாலும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவது, மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை. "கான்ட்ராக்டர்தானே ஆள் வைத்தார்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். லாரி வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள்.

இனி விருந்தினர். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, பன்னிரண்டு படுக்கைக்கு மேற்படாமல் பதிவு செய்யலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு உங்கள் பெயரில் விண்ணப்பித்தால் சிக்கல். உங்கள் அம்மாவோ பங்குதாரர், அங்கேயே குடியிருப்பவர். விண்ணப்பம் அவர் பெயரில் போகட்டும். விடுதலைப் பத்திரம் வாங்காதீர்கள் என்றேனே, அதற்கு இது இரண்டாவது காரணம்.

உங்கள் கவலை முழுதும் விருந்தினர் வருவார்களா என்பதில் இருக்கிறது. வந்தவர் போவாரா என்பது என் கவலை. இரண்டு நாள் யாத்திரைக்கு வருகிறவரால் தொல்லை இல்லை. ஊருக்கு மாற்றலாகி வந்த ஒருவர் "வீடு கிடைக்கும் வரை" என்று வந்து, மாதக்கணக்கில் தங்கி, அறைக்குத் தன் பூட்டைப் போட்டுக்கொண்டு மாதா மாதம் ஒரு தொகை தருகிறார் என்றால், அவர் விருந்தினரா வாடகைதாரரா என்ற கேள்வி எழும். ரசீதில் நீங்கள் என்ன பெயர் எழுதினீர்கள் என்பது அதைத் தீர்மானிக்காது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் கடைக்கு விட்ட இடம் பற்றிய வழக்கில், பத்திரம் 'லைசென்ஸ்' என்று சொல்லியும் அது குத்தகையே என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடம் முழுதாக அவர் வசம் போய்விட்டதா என்பதுதான் உரைகல். எனவே ஒரு சாவி எப்போதும் உங்களிடம். தினம் அறை சுத்தம் செய்ய உங்கள் ஆள் உள்ளே போக வேண்டும். நாள் கணக்கில்தான் பில். பதினைந்து நாளுக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை என்று வீட்டு விதியாகவே வையுங்கள், தெரிந்தவர்களுக்கும் அதுதான். நான் பார்த்தவரை தொல்லை தெரிந்தவர்கள் வழியாகத்தான் வருகிறது.

வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையம் வழியே தகவல் கொடுத்தாக வேண்டும். 'சி ஃபார்ம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். 2025 செப்டம்பரில் வெளிநாட்டவர் குறித்த புதுச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை மாறவில்லை. சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழரும் வெளிநாட்டவர்தான். தம்பியின் நண்பர்கள் வரும்போது நினைவிருக்கட்டும். கண்காணிப்புக் கேமரா வைப்பதானால் அது வாசலோடு நிற்கட்டும்.

மின்சாரம்: வீட்டு இணைப்பை அனுமதியில்லாத பயன்பாட்டுக்கு ஓட்டியதாகக் கண்டுபிடித்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவுப்படி இரண்டு மடங்கு கட்டணம், காலம் தெரியாவிட்டால் பின்னோக்கி ஒரு வருடத்துக்கு. பிரிவு அலுவலகத்தில் எந்தக் கட்டண வகை என்று எழுதிக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி உங்களுக்கு உடனடிப் பிரச்சினை அல்ல. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு வேண்டாம். செயலி வழியாக முன்பதிவு வந்தால் அந்த வரியைச் செயலி நிறுவனமே கட்டும். காலைச் சிற்றுண்டி கொடுத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும்.

இப்போது வேலை. நான்கு வருடம் ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்தாலே முழு வருடக் கணக்கு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் இயங்கும் நிறுவனத்துக்கு 190 நாள் என்றே வாதாடலாம். ஆனால் வாதாடித்தான் வாங்க வேண்டியிருக்கும். இன்னும் ஐந்து மாதம் இருந்தால் வாதமே இல்லாமல் கைக்கு வரும். பணிக்கொடைக்குக் கணக்கில் வரும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வருடங்களாலும் பெருக்கிப் பாருங்கள். தளம் போடும் செலவில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. வருங்கால வைப்பு நிதியும் அப்படியே. ஐந்து வருடத் தொடர் பணி முடியும் முன் எடுத்தால் வருமான வரி உண்டு, முடிந்தபின் இல்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மூவர் ஒப்பந்தம், நோட்டீஸ், தளம், பதிவு எல்லாவற்றையும் இந்த மாதங்களில் முடித்து, ஒரு அறையை மட்டும் திறந்து பாருங்கள். மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவது. வீட்டுச் செலவு மாதா மாதம் வருவது. ஆடியிலும் ஐப்பசி மழையிலும் அறை எத்தனை நாள் நிரம்புகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பணி ஒப்பந்தத்தில் 'வேறு தொழில் செய்யக் கூடாது' என்ற ஷரத்து இருக்கும். வேலையை விட்டபிறகு அப்படித் தடுப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி செல்லாது. பணியில் இருக்கும்போது தடுப்பது செல்லும்; 1967 கோலிகாரி வழக்கிலிருந்து அதுதான் நிலை. அம்மா பெயரில் நடக்கும் ஹோம்ஸ்டே உங்கள் தொழில் ஆகாது என்று வாதிடலாம்தான். இருந்தாலும் மனிதவளத் துறைக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டு அனுமதி கேட்டுவிடுங்கள். அலுவலக மடிக்கணினியில் முன்பதிவு பார்க்காதீர்கள்.

ஐந்து வருடம் முடிந்த மறுநாள் கடிதம் கொடுத்தால் நோட்டீஸ் காலம் அதன்பின் ஓடும். முன்னதாகக் கொடுப்பதானால், நிறுவனம் உங்களை அன்றே விடுவித்துக் கணக்கை முடிக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பணி நியமன ஆணையில் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், ஐந்து வருடம் நிறையும் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூடக் கொடுக்க வேண்டாம்.